பார் வைத்த சைக்கிளும் பெண் உடலும்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதில் முனைப்பாக நின்றார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்யப்பட்டது. பொது இடங்களில் கூடி ஓட்டிக்காட்டிய பெண்கள் 70,000 பேருக்கு மேல் என்று எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். 1996இல் வெளிவந்த அவருடைய நூல் வழியே இந்த வரலாறு மாவட்டத்தைத் தாண்டிப் போனது.

அந்த எண்ணிக்கையை நாம் பெருமையோடு சொல்கிறோம். மிதித்த உடல்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஊர்களில் கைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் ஆண்களுக்கான சைக்கிள்கள். 22 அங்குலம், 24 அங்குலச் சட்டம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே பார். வேட்டியையோ கால்சட்டையையோ கணக்கில் வைத்துச் செய்த வண்டி அது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியவள், தன் உடலுக்கென்று செய்யப்படாத ஒன்றைத் தன் அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

பழகத் தொடங்குகிறவளுக்கு முதலில் வேண்டியது தரை. சீட்டுக்குக் கீழுள்ள நட்டைத் தளர்த்தி, இரண்டு காலும் ஊன்றும்படி இறக்க வேண்டும். விழமாட்டோம் என்ற தைரியம் அதில்தான் வரும். ஆனால் அதே உயரத்தில் நெடுந்தூரம் மிதித்தால் முழங்கால் வலி எடுக்கும். பயம் குறையக் குறைய, விரற்கடை விரற்கடையாகச் சீட்டை ஏற்ற வேண்டும். பெடல் அடிமட்டத்தில் இருக்கையில் முழங்கால் லேசாக மடிந்திருந்தால் அளவு சரி. இடுப்பு இருபக்கமும் ஆடினால் உயரம் கூடிவிட்டது என்று பொருள். இதை ஒரே நாளில் முடிக்க முடியாது. உடல் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சைக்கிள் விலை 1,200 ரூபாயைத் தாண்டியிருந்த அந்நாளில், மாலைதோறும் அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய ஆசிரியை ஒருவரைச் சாய்நாத் குறிப்பிடுகிறார். வாடகை வண்டியில் சீட்டு, முன்பு ஓட்டியவரின் உயரத்தில் நிற்கும். சொந்த சைக்கிள் என்றால் தன் அளவு மறுநாளும் கலையாமல் இருக்கும் சைக்கிள்.

இன்னொன்றும் நடந்தது. பெண்களுக்கான சைக்கிள்கள் தட்டுப்பாடாக இருந்தபோது ஆண்கள் சைக்கிளை எடுத்தவர்களில் சிலர், பிறகு அதையே விரும்பினார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதே காரணம். பேருந்துக்கும் கணவருக்கும் காத்திருப்பது ஒழிந்தது. குழந்தையும் தண்ணீர்க் குடமும் கூடவே வந்தன. அவள் பெற்ற வேகத்தில் வீட்டுவேலையும் ஏறிக்கொண்டது. அதனால் அந்த விடுதலை பொய்யாகிவிடாது. அதை எந்தச் சுமையோடு மிதித்தாள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது அவளுடைய வரலாறு.

இன்று பதினோராம் வகுப்பு மாணவிகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் வழங்குகிறது. நாலே முக்கால் அடி மாணவியும் ஐந்தரை அடி மாணவியும் ஒரே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். சீட்டு நட்டைத் திருக ஒரு ஸ்பானரையும், வலித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற அறிவையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?