செய்யும் வேலையில் பிழையில்லை. ஆனால் மூளை களைக்கிறது: பணிச்சோர்வு நினைவாற்றலைப் பாதிப்பது எப்படி?

மின்னஞ்சலைத் திறந்த பிறகு எதற்காகத் திறந்தோம் என்பது நினைவுக்கு வராமல் போகிறது. கூட்டத்தில் கேட்ட ஓர் எண், இருக்கைக்குத் திரும்புவதற்குள் மறந்துவிடுகிறது. இவற்றைக் கவனக்குறைவு என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால், நீண்டகாலப் பணி அழுத்தம் மூளையில் ஏற்படுத்தும் மாற்றங்களின் வெளிப்பாடாகவும் இவை இருக்கலாம் என ஆய்வுகள் காட்டுகின்றன.

பணிச்சோர்வு என்றால் என்ன?

'பர்ன்அவுட்' எனப்படும் பணிச்சோர்வு குறித்து 1974ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் எழுதினார். உலக சுகாதார அமைப்பு 2019ஆம் ஆண்டு இதனை நோயாக அல்லாமல், பணி சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. அதன்படி இதற்கு மூன்று கூறுகள் உள்ளன:

* ஆற்றல் வற்றிப்போன உணர்வு
* பணியின் மீது விலகலும் கசப்பும்
* பணித்திறன் குறைதல்

செயல்பாட்டு நினைவாற்றல்

கைப்பேசியில் வந்த ஓடிபி எண்ணை அடுத்த திரையில் உள்ளிடும் வரை மனதில் வைத்திருக்க உதவுவது செயல்பாட்டு நினைவாற்றல். தகவலைச் சில நொடிகள் தக்கவைத்து, அதைக் கொண்டு கணக்கிடவும் முடிவெடுக்கவும் இதுவே துணைபுரிகிறது. இதன் கொள்ளளவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ 4 தகவல்களையே இது தாங்கும் என்பது உளவியலாளர் நெல்சன் கோவனின் மதிப்பீடு.

மூளையில் நிகழ்வது என்ன?

இந்நினைவாற்றலுக்கு நெற்றியின் பின்புறம் அமைந்துள்ள முன்புற மூளைப் புறணி இன்றியமையாதது. அழுத்தம் கட்டுமீறும்போது நார்அட்ரினலின், டோபமைன் ஆகிய வேதிப்பொருள்கள் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, அப்பகுதியின் நரம்பு இணைப்புகளைத் தளர்த்துகின்றன. அச்ச உணர்வோடு தொடர்புடைய 'அமிக்டலா' பகுதியின் ஆதிக்கம் ஓங்குகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், நீண்டகாலப் பணி அழுத்தத்துக்கு ஆளானவர்களிடம் முன்புறப் புறணியின் ஒரு பகுதி மெலிந்தும், அமிக்டலா பெரிதாகியும் இருப்பதைக் கண்டறிந்தனர்.

வெளியில் தெரியாத உழைப்பு

பின்லாந்து ஆய்வாளர்கள், பணிச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நினைவாற்றல் சோதனை நடத்தி, மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தனர். இரு தரப்பினரும் ஒரே அளவில் விடையளித்தனர். ஆனால், பணிச்சோர்வு கொண்டோரின் மூளையில் பின்பகுதிச் செயல்பாடு குறைந்தும், முன்பகுதிச் செயல்பாடு மிகுந்தும் காணப்பட்டது. அதே விடையை எட்ட அவர்களின் மூளை கூடுதலாக உழைத்து ஈடுகட்டுவதாக இது பொருள்கொள்ளப்படுகிறது.

இதனாலேயே பாதிப்பு மேலாளரின் கண்ணுக்கும், சில வேளைகளில் பாதிக்கப்பட்டவருக்குமே தெரியாமல் போகிறது. அறிக்கை உரிய நேரத்தில் வந்துவிடுகிறது. அதைத் தயாரித்தவர் மாலையில் வீட்டாருடன் பேசவும் இயலாத அளவுக்குக் களைத்திருக்கிறார்.

மீள முடியுமா?

முடியும், ஆனால் காலம் பிடிக்கும். தேர்வுக்காக ஒரு மாதம் கடும் அழுத்தத்தில் இருந்த மருத்துவ மாணவர்களிடம் கவனத்தை மாற்றும் திறன் குறைந்திருந்ததும், அழுத்தம் நீங்கிய ஒரு மாதத்தில் அது சீரானதும் 2009ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில் பதிவாகியுள்ளது. ஆண்டுக்கணக்கான அழுத்தத்தின் பின்விளைவுகள் அவ்வளவு விரைவில் மறைவதில்லை. மூளை மாற்றங்கள் ஓரளவே மீள்வதாக 2018ஆம் ஆண்டு வெளியான சுவீடன் ஆய்வு கூறுகிறது.

போதிய உறக்கம், உடற்பயிற்சி, பணிநேரத்துக்குப் பின் அலுவலகத் தகவல்களிலிருந்து விலகியிருத்தல் ஆகியவை உதவும். எனினும், பணிச்சுமை குறையாத வரை ஓய்வின் பலன் நீடிக்காது. தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி ஏற்படலாம் என்பதால், தொடரும் அறிகுறிகளுக்கு மருத்துவரை அணுக வேண்டும். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.