பூச்சி மாத்திரையும் மனைப்பட்டாவும்

ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்கத் திட்டம் இது. ஒரு வயது முதல் 19 வயது வரை எல்லோருக்கும் அல்பெண்டசோல். தேவையான திட்டம்தான். ஆனால் மாத்திரையோடு நின்றுபோன ஒரு பழைய வரலாறு நமக்கு உண்டு. அனுமந்தை, மரக்காணம் பக்கம் இருளர் குடியிருப்புகளுக்குப் போகும் தோழர்கள் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் உள்ள மணலில் சில நாளில் குஞ்சாகி, வெறுங்காலைத் துளைத்து உடம்புக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. உடம்பு வெளுக்கும், மூச்சு வாங்கும், வேலை ஓடாது. கவனியுங்கள்: உப்பேறிய மண்ணில் இந்தக் குஞ்சு பிழைக்காது. ஆகவே நோய் உப்பளப் பாத்தியில் இல்லை. கழிப்பறை இல்லாத மக்கள் ஒதுங்கும் புதர் நிழலில் இருக்கிறது.

1909இல் ராக்பெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. அங்கத்திய பத்திரிகைகள் இதற்குச் சூட்டிய பெயர் 'சோம்பல் கிருமி'. இரத்தம் இல்லாதவனைச் சோம்பேறி என்று திட்டிய கதை இது. நம் சேரிகளும் இருளர் குடிகளும் இன்றுவரை கேட்கும் வசவும் இதேதான்.

1916இல் அதே ராக்பெல்லர் அமைப்பு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. அங்கே லயங்களில் அடைபட்டிருந்தவர்கள் தமிழ்க் கூலிகள். அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். மருந்து கொடுக்கத் துரைமார் சம்மதித்தார்கள், கூலி ஆள் தெம்பாக வேலை செய்வானே! கக்கூஸ் கட்டச் சொன்னபோது செலவைக் காட்டித் தட்டிக்கழித்தார்கள். நோயை இந்தியாவிலிருந்து கூலிகள் கொண்டுவருகிறார்கள் என்று பழி போட்டு, மண்டபம் முகாமிலேயே மருந்து குடிக்க வைத்தார்கள். மண் மாறவில்லை, குணமானவர்களுக்கு மறுபடி புழு ஏறியது.

இங்கே என்ன நடக்கிறது? இருளர்கள் தமிழ்நாட்டின் ஆறு தொல்பழங்குடிகளில் ஒருவர். 1972 வனவிலங்குச் சட்டத்தோடு பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. காட்டை நம்ப முடியாதவர்கள் மரம் வெட்டவும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிப் போனார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. முன்பணம் இன்னும் ஒழியவில்லை. பிப்ரவரி மாதம் சூளைப் பருவம். பள்ளியில் பெயர் இருக்கும், பிள்ளை சூளையில் இருக்கும். மாத்திரை யாருக்குப் போகும்?

ஊரில் இருப்பவர்களுக்கும் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரப் புறம்போக்குதான் இடம். பட்டா இல்லையென்றால் தொகுப்பு வீடு இல்லை, வீடு இல்லையென்றால் கழிப்பறை இல்லை. சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். 2023இல் தொல்பழங்குடிகளுக்காக ஒன்றிய அரசு அறிவித்த ஜன்மன் திட்டத்தில் வீடும் குடிநீரும் உண்டு. கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

ஆகவே தோழர்களே, கணக்கெடுக்கப் போகும்போது 'மாத்திரை போட்டாயா' என்பதோடு நிறுத்தாதீர்கள். பட்டா உண்டா, குழாய் எத்தனை அடி தூரம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைகள் எந்த மாதம் சூளைக்குப் போகிறார்கள் என்று வீடு வீடாக எழுதுங்கள். அந்தக் கணக்கோடு சுகாதார நிலையத்துக்கும் போவோம், வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் போவோம்.