வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் 'பார்வையாளர்' டாக்டர்: ஈப்போ நோயாளிக்கு இதனால் என்ன லாபம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் ஓர் இளைஞரை நினைத்துப் பாருங்கள். லாரி உரசிக் கீழே விழுகிறார். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிகிறது. காயம் முழுக்க மண். ஆம்புலன்ஸ் அவரை ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது.

இனி அவர் குடும்பத்துக்கு ஒரே கேள்விதான்: காலைக் காப்பாத்த முடியுமா, எடுத்துடணுமா?

இதற்குப் பதில் சொல்லும் எலும்பு மருத்துவர் இதுபோன்ற கால்களை இதற்கு முன் எத்தனை பார்த்திருக்கிறார் என்பது ரொம்ப முக்கியம். அந்த அனுபவத்தைத் தேடி டாக்டர்கள் வெளிநாடு போய்ச் சில வாரங்கள் இருந்து பார்த்துவிட்டு வருவதைத்தான் 'அப்சர்வர்ஷிப்' என்கிறார்கள்.

அப்சர்வர்ஷிப் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், பார்க்கலாம், கேட்கலாம், தொடக் கூடாது.

வெளிநாட்டு மருத்துவர் ஒரு மருத்துவமனையில் பொதுவாக இரண்டு வாரம் முதல் மூன்று மாதம் வரை விருந்தினராக இருப்பார். காலையில் எக்ஸ்ரே படங்களை வைத்து நடக்கும் கூட்டத்தில் உட்காருவார். அறுவைச் சிகிச்சை அறையில் ஓரமாக நின்று பார்ப்பார். வார்டு ரவுண்டிலும் கிளினிக்கிலும் கூடவே போவார்.

இதையும் 'ஃபெலோஷிப்'பையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபெலோஷிப் பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீளும். பல இடங்களில் அந்த நாட்டின் பதிவோடு நேரடியாக அறுவைச் சிகிச்சையில் கை வைக்க முடியும். அப்சர்வர்ஷிப்பில் கண்ணுக்குத்தான் வேலை, கைக்கு இல்லை.

வீடியோ பார்த்தால் போதாதா?

இப்போது எல்லா ஆபரேஷனும் யூடியூபில் கிடைக்கிறது. அப்புறம் ஏன் விமானம் ஏறிப் போகணும்?

எலும்பு மருத்துவத்தின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. நவீன இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையை 1962-ல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் உருவாக்கியவர் ஜான் சார்ன்லி. தன்னிடம் நேரில் வந்து கற்றுக்கொண்ட டாக்டர்களுக்கு மட்டுமே அந்தச் செயற்கை மூட்டை விற்க வேண்டும் என்று தொடக்க காலத்தில் அவர் பிடிவாதமாக இருந்தார். கருவி மட்டும் போய்ச் சேர்ந்து, முறை போய்ச் சேராவிட்டால் நோயாளிக்குத்தான் ஆபத்து என்பது அவர் கவலை.

இன்னொரு கதை ரஷ்யாவுடையது. உடைந்த எலும்பை வளையங்களாலும் கம்பிகளாலும் பிடித்து, மெல்ல மெல்ல இழுத்து வளரவைக்கும் முறையை சைபீரியாவின் குர்கான் நகரில் கவ்ரில் இலிசாரோவ் உருவாக்கினார். மேற்கு நாட்டு டாக்டர்களுக்குப் பல வருடம் அது சரியாகத் தெரியாது. பல ஆண்டுகளாகக் கூடாத கால் எலும்போடு குர்கான் போன இத்தாலிய மலையேற்ற வீரர் கார்லோ மவுரி, 1980-ல் அங்கே சிகிச்சை பெற்றார். திரும்பி வந்த அவர் காலைப் பார்த்து இத்தாலிய டாக்டர்கள் அசந்துபோனார்கள். 1981-ல் இலிசாரோவை இத்தாலிக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். கற்றுக்கொள்ளத் தாங்களும் குர்கானுக்குப் போனார்கள்.

வீடியோ வெற்றியைக் காட்டும். நேரில் போனால்தான் மற்றதும் தெரியும். தொற்று வந்த கால், இரண்டாவது முறை திறக்க வேண்டி வந்த முட்டி, ஆபரேஷன் வேண்டாம் என்று எடுத்த முடிவு எல்லாம் அதில் அடக்கம்.

பேராக்கிற்கு எந்த ஊர் பொருந்தும்?

பேர் பெற்ற அமெரிக்க ஆஸ்பத்திரிதான் சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நம்ம ஊருக்கு வரும் நோயாளி யார் என்பதை முதலில் பார்க்கணும்.

ஒரு காலத்தில் சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அடிபட்டவருக்குத் தோட்டத்து டிரஸர்தான் முதல் டாக்டர். எலும்பு உடைந்தால் பத்தை வைத்துக் கட்டுவார். சிலர் சின்சேயிடம் போவார்கள். இன்று பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் மோட்டாரில் போய் வருகிறார்கள். மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்தான். உயிர் பிழைத்தவர்களில் பலர் உடைந்த காலோடு வருகிறார்கள்.

இதே பிரச்சினையைத் தினமும் கையாளும் இடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் இருக்கும் கங்கா மருத்துவமனை. 1978-ல் தொடங்கப்பட்ட இந்த மருத்துவமனையை வளர்த்தவர்கள் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரனும், அவருடைய சகோதரரான பிளாஸ்டிக் சர்ஜன் எஸ். ராஜா சபாபதியும். பல நாடுகளிலிருந்து டாக்டர்கள் இங்கே பார்த்துக் கற்க வருகிறார்கள்.

'காலை வைப்பதா, எடுப்பதா' என்ற கேள்விக்கு ராஜசேகரன் குழு 2006-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. தோல், எலும்பு, தசை ஆகிய மூன்றுக்கும் காயத்தின் கடுமையைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தருவார்கள். வயது, நீரிழிவு, தாமதமாக வந்தது போன்ற ஒவ்வொரு சிக்கலுக்கும் கூடுதலாக இரண்டு. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ம் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் நீக்குவதே நல்லது. 15, 16 வந்தால்? அங்கேதான் அனுபவம் பேசும்.

அட்டவணையை யாரும் மனப்பாடம் பண்ணலாம். ஆனால் செத்த தசை எது, பிழைக்கும் தசை எது என்று எப்படிப் பிரிக்கிறார்கள், எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளே ஒன்றாக நின்று எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை நின்று பார்த்தால்தான் பிடிபடும்.

ஏன் தொடக் கூடாது?

சட்டம்தான் காரணம். மலேசியாவில் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி, பதிவு இல்லாத ஒருவர் இங்கே மருத்துவம் பார்க்க முடியாது. வெளிநாட்டு சர்ஜன் ஈப்போவுக்கு வந்து அறுவைச் சிகிச்சையில் கை வைக்கணும் என்றால், மலேசிய மருத்துவ மன்றத்திடம் தற்காலிகப் பணிச் சான்றிதழ் வாங்கணும். அது இல்லாமல் வந்தால் அவர் பார்வையாளர் மட்டுமே.

நம்ம டாக்டர் வெளியே போனாலும் அதே கதைதான். பிரிட்டனின் வருகையாளர் விதிகள் சம்பளமில்லாத இத்தகைய பார்வையாளர் பயிற்சியை அனுமதிக்கின்றன. ஆனால் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க அனுமதிப்பதில்லை.

சான்றிதழ் கிடைத்தால் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிடலாமா?

ஆக முடியாது. இதில் ஏமாறாதீர்கள். மருத்துவப் பட்டம், ஹவுஸ்மேன்ஷிப், மெடிக்கல் ஆபீசர் வேலை, அதன்பின் நான்கு வருட முதுகலைப் பயிற்சி போன்ற அங்கீகரிக்கப்பட்ட பாதையில் வந்தவரே தேசிய நிபுணர் பதிவேட்டில் இடம் பெற முடியும். அப்சர்வர்ஷிப் சான்றிதழ் 'இவர் இங்கே வந்திருந்தார்' என்று மட்டுமே சொல்லும்.

பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள்:

• கட்டணம் உண்டா? சில இடங்களில் இலவசம், சில இடங்களில் வாரக் கணக்கில் வசூல்.
• ஒரே நேரத்தில் எத்தனை பார்வையாளர்கள்? பத்துப் பேர் நின்றால் முதுகுதான் தெரியும்.
• பின்தொடர் கிளினிக்கில் உட்கார விடுவார்களா?
• அழைப்புக் கடிதம் தருவார்களா, அதற்கு எந்த விசா? சுற்றுலா விசா சரிவராமல் போகலாம்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: வருடாந்திரப் பணிச் சான்றிதழ், மருத்துவ மன்றத்தின் நற்சான்று, துறைத் தலைவரின் கடிதம், விடுப்பு அனுமதி, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி ஆதாரம், பயணக் காப்புறுதி. பண உதவிக்கு சர்வதேச எலும்பு மருத்துவர் சங்கமான சிகாட், சுவிட்சர்லாந்தின் ஏ.ஓ. அறக்கட்டளை ஆகியவற்றின் திட்டங்களைப் பார்க்கலாம்.

நோயாளிக்கு இதில் உரிமை உண்டா?

உண்டு. உங்கள் ஆபரேஷனை வெளி டாக்டர் பார்க்கப் போகிறார் என்றால் உங்களிடம் சொல்லணும். வேண்டாம் என்றால் மறுக்கலாம். அதனால் சிகிச்சை குறையக் கூடாது. படம் எடுக்கத் தனியாக அனுமதி வாங்கணும். உங்கள் தாத்தா பாட்டிக்கு ஃபாரத்தில் இருக்கும் மலாயோ ஆங்கிலமோ புரியாவிட்டால், கையெழுத்துப் போடும் முன் நீங்கள் தமிழில் சொல்லிப் புரியவையுங்கள்.

போன டாக்டர் திரும்பி வந்ததும் என்ன செய்கிறார் என்பதுதான் கடைசிக் கேள்வி. சான்றிதழைச் சுவரில் மாட்டினால் அவருக்கு மட்டும் லாபம். பார்த்ததைத் துறைக் கூட்டத்தில் சொல்லி, பிளாஸ்டிக் சர்ஜனை முதல் நாளே கூப்பிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தால், அந்த சுங்கை சிப்புட் இளைஞருக்கு இரண்டு காலோடு வீடு திரும்பும் வாய்ப்பு கூடும்.