தார்ப்பாய் யார்கிட்ட இருந்து மறைக்கும்?

2012 மே மாசம். நான் கம்பத்துல ஸ்கூல் படிச்சுட்டு இருந்தேன். திடீர்னு பைரேட் பே திறக்கல, விமியோவும் திறக்கல. காரணம், தனுஷ் நடிச்ச ‘3’ படம். திருட்டுப் பிரதி வரக்கூடாதுன்னு தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. யார் பதிவேற்றுவாங்கன்னு முன்கூட்டியே தெரியாதில்லையா? அதனால பெயர் தெரியாத எதிராளிகள் மேல உத்தரவு வாங்கினாங்க. இந்திய வழக்குகள்ல அந்த ஆளுக்கு வைக்கிற பேரு ‘அசோக் குமார்’. அந்த உத்தரவை வச்சு இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கின. ஜூன் 9-ல பல நகரங்கள்ல முகமூடி போட்டுப் போராட்டம் நடந்துச்சு. அதே மாசம், குறிப்பிட்ட பக்கங்களைத் தடுத்தா போதும்னு நீதிமன்றம் தெளிவுபடுத்துச்சு.

அந்த சமயத்துல எங்க ஊர் பிரவுசிங் சென்டர் அண்ணன், யூடோரன்ட்ல என்கிரிப்ஷனை ஆன் பண்ணிட்டு, “இனி எவனாலயும் பார்க்க முடியாதுடா தம்பி”ன்னார். நானும் நம்பினேன்.

ஆனா அந்த வசதி நம்மளை மறைக்க வந்ததே இல்ல. டோரன்ட் போக்குவரத்தை இணைய நிறுவனங்கள் கண்டுபிடிச்சு வேகத்தைக் குறைச்சுட்டு இருந்தாங்க. அதுல இருந்து தப்பிக்கத்தான் 2006-ல இதைக் கொண்டு வந்தாங்க. அந்தச் சண்டை ஓயல. 2007-ல, அமெரிக்காவுல காம்காஸ்ட் போலி ரீசெட் பாக்கெட் அனுப்பி டோரன்ட் இணைப்புகளைத் துண்டிச்சது அம்பலமாச்சு.

போடிமெட்டு வழியா வர்ற ஏலக்காய் வண்டியை நினைச்சுப் பாருங்க. தார்ப்பாய் போட்டா, ரோட்டுல நிக்கிறவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. ஆனா போடி ஏலத்துல வாங்க வர்றவர்கிட்ட சரக்கை மறைக்க முடியுமா? டோரன்ட்டும் அப்படித்தான். பொது டோரன்ட்ல யார் வேணும்னாலும் கூட்டத்துல சேரலாம். கண்காணிக்க வர்றவரும் சேரலாம். சேர்ந்த உடனே உங்க ஐபி முகவரி அவர் திரையில இருக்கும். அந்த நேரத்துல அந்த முகவரி யார்கிட்ட இருந்துச்சுன்னு இணைய நிறுவனத்தோட பதிவு சொல்லிடும். பூட்டு உடையவே இல்ல. நீங்களே கதவைத் திறந்து விட்டிருக்கீங்க.

சரி, விபிஎன்? கூட்டத்துக்கு உங்க முகவரி தெரியாது, ஆனா விபிஎன் நடத்துறவருக்குத் தெரியும். 2022-ல செர்ட்-இன், வாடிக்கையாளர் விவரங்களை 5 வருஷம் வச்சிருக்கணும்னு விபிஎன் நிறுவனங்களுக்குச் சொன்னப்போ, சில நிறுவனங்கள் இந்தியாவுல இருந்த சர்வர்களையே எடுத்துட்டாங்க.

அதனால ‘என்கிரிப்டட்’னு எங்க பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்க: இது யார்கிட்ட இருந்து மறைக்குது? வழியில நிக்கிறவர்கிட்ட இருந்தா, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட இருந்தா? அன்னைக்கு அந்த அண்ணன்கிட்ட நான் கேட்காம விட்ட கேள்வி இதுதான்.