லயத்துக் கொல்லையும் கைமருந்தும்

பேரா மாநிலத்துக் கோலாகங்சாரில் 1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அடுத்த சில பத்தாண்டுகளில் தோட்டங்கள் எங்கும் பரவின; தமிழகத்திலிருந்து தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவர்கள் கொணர்ந்த பொருட்செல்வம் சிறிதே. எனினும், உணவையும் மருந்தையும் வேறாகக் கருதாத பழமரபு ஒன்று அவர்களோடு கடல் கடந்து வந்தது.

லயங்களின் பின்புறத்துச் சிறு நிலமே அம்மரபின் களம். அங்கே முருங்கையும் கறிவேப்பிலையும் துளசியும் கற்பூரவல்லியும் வளர்ந்தன. குழந்தையின் சளிக்குக் கற்பூரவல்லிச் சாறு, சொறி சிரங்கிற்குக் குப்பைமேனி, அம்மை கண்டவர்க்கு வேப்பிலை, பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் மிளகும் பூண்டும் சேர்ந்த பத்தியம் என்பன மூதாட்டியரின் கைமுறைகள். ஈரநிலத்தில் படர்ந்த வல்லாரையை மலாய் மக்கள் 'பெகாகா' எனப் பச்சையாக உண்டனர். தமிழர் அதனைத் துவையலாக்கினர்.

பழகிய உணவே நோய் தடுக்கும் என்பதற்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில், தீட்டிய வெள்ளையரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரி நோய்க்கு இரையாயினர். புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அந்நோய் அரிதாகவே இருந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும், தீட்டிய அரிசிக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1909இல் வெளியிட்டனர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கொல்லை முருங்கைக்கீரையிலும் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும், உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும் சத்தும் மிகுந்துள்ளன.

ஆயினும், கைமருந்தின் எல்லையை மறத்தலாகாது. மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களை வாட்டியபோது கஷாயங்கள் அதனைத் தடுத்து நிறுத்தவில்லை. கொயினா மருந்தும், தேங்கிய நீரை அகற்றிய வடிகால்களுமே உயிர்களைக் காத்தன.

காலப்போக்கில் பல தோட்டங்களில் ரப்பர் மறைந்து செம்பனை வந்தது. மக்கள் நகர்ப்புற வீடுகளுக்குப் பெயர்ந்தனர். கொல்லையோடு, எந்த இலை எந்நோய்க்கு, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்னும் நுண்ணறிவும் ஏட்டில் ஏறாமலே மறைந்து வருகிறது. 2016ஆம் ஆண்டு மரபு மருத்துவச் சட்டம் மருத்துவர்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. மூதாட்டியரின் கைமுறைகளைக் கேட்டெழுதி, அறிவியல் நோக்கில் ஆராய்ந்து காக்கும் கடமை தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது.