பொக்ரானில் வெடித்தது எத்தனை கிலோடன்? நிலநடுக்கமானி சொல்வதும் சொல்லாததும்

1998 மே 11, பிற்பகல் 3.45 மணி. ராஜஸ்தானின் பொக்ரான் பாலைவனத்தில், பூமிக்கு அடியில் மூன்று அணுகுண்டுகள் ஒரே நேரத்தில் வெடிக்கப்பட்டன. சில நிமிடங்களில் உலகின் பல நாடுகளில் இருந்த நிலநடுக்கமானிகளில் அது பதிவானது. அளவு: சுமார் 5.2.

மூன்றில் ஒன்று ஹைட்ரஜன் குண்டு, அதன் ஆற்றல் மட்டும் 45 கிலோடன், மூன்றும் சேர்ந்து 55 முதல் 60 கிலோடன் என்றது இந்தியத் தரப்பு. ஒரு கிலோடன் என்றால் 1,000 டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு சுமார் 15 கிலோடன். ஆனால், வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் அதே 5.2-ஐ வைத்துப் போட்ட கணக்கில் 10 முதல் 20 கிலோடன் வரைதான் வந்தது.

ஒரே அதிர்வு, இரண்டு பதில். எப்படி?

குண்டா, நிலநடுக்கமா: எப்படித் தெரியும்?

இது ஓரளவு எளிதான கேள்வி. நிலநடுக்கத்தில் இரண்டு பாறைப் பாளங்கள் ஒன்றையொன்று உரசி நழுவுகின்றன. அதனால் பக்கவாட்டில் குலுக்கும் அலைகளும், தரைமட்டத்தில் பரவும் அலைகளும் பலமாக இருக்கும். குண்டு அப்படியல்ல. எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் பாறையை வெளியே தள்ளும். அதனால் முதலில் வந்து சேரும் அழுத்த அலை பலமாகவும், தரைமட்ட அலைகள் ஒப்பீட்டளவில் பலவீனமாகவும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தக் கலையில் இந்தியா புதுசு இல்லை. கர்நாடகாவின் கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையம், அதாவது 'பார்க்', பிரிட்டன் ஒத்துழைப்போடு 1965-லேயே நிலநடுக்கமானி வரிசை ஒன்றை அமைத்துவிட்டது. மற்ற நாடுகளின் அணுச் சோதனைகளைக் கேட்பதுதான் அதன் முக்கிய வேலை.

அப்படின்னா ஆற்றலைக் கணக்கிடுவதில் என்ன சிக்கல்?

சிக்கல் வழியில் இருக்கிறது. அலை எந்தப் பாறையில் கிளம்பியது, எந்த நிலத்தடியைக் கடந்து வந்தது என்பதைப் பொறுத்து அதன் பலம் மாறும். பழைய, குளிர்ந்த, உறுதியான நிலத்தடி அலையை அதிகம் குறைக்காமல் கடத்தும். சூடான நிலத்தடி அதை விழுங்கிவிடும்.

ஓர் உதாரணம். சோவியத் யூனியனின் சோதனைத் தளம் இருந்த கிழக்கு கஜகஸ்தானுக்குப் பயன்படுத்தும் சூத்திரத்தில் 5.2-ஐப் போட்டால் சுமார் 10 கிலோடன் வரும். அமெரிக்காவின் நெவாடா தளத்துக்கான சூத்திரத்தில் போட்டால் 40 கிலோடனை நெருங்கும். நான்கு மடங்கு வித்தியாசம்! பொக்ரான் இதில் எந்தப் பக்கம் சேரும் என்பதுதான் சண்டையே.

'பார்க்' விஞ்ஞானிகள் இன்னொரு வாதமும் வைத்தார்கள். இரண்டு பெரிய குண்டுகள் சுமார் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே நேரத்தில் வெடித்ததால், சில திசைகளில் அலைகள் ஒன்றையொன்று பலவீனப்படுத்தின. அதனால் சராசரி அளவு குறைந்துபோனது என்றார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை.

இதற்கு எல்லையும் உண்டு. இரண்டு நாள் கழித்து, மே 13-ல் ஒரு கிலோடனுக்கும் குறைவான இரண்டு குண்டுகளை வெடித்ததாக இந்தியா அறிவித்தது. வெளிநாட்டு நிலையங்களில் அது தென்படவே இல்லை. உலர்ந்த, தளர்வான மணலில் சின்ன குண்டு வெடித்தால், ஆற்றலின் பெரும்பகுதி மணலை நெரிப்பதிலேயே தீர்ந்துவிடும். எனவே 'பதிவாகவில்லை' என்பதற்கு 'வெடிக்கவில்லை' என்று அர்த்தம் இல்லை.

2009-ல் மறுபடி ஏன் வெடித்தது?

பொக்ரான் சோதனையில் டி.ஆர்.டி.ஓ. தரப்பில் முக்கியப் பொறுப்பில் இருந்த கே.சந்தானம், ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்று 2009-ல் வெளிப்படையாகச் சொன்னார். அதாவது அணுப்பிளவு நடந்தது. அதன் வெப்பத்தில் பற்ற வேண்டிய அணு இணைவு சரியாகப் பற்றவில்லை என்பது குற்றச்சாட்டு. சோதனையின்போது அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த ஆர்.சிதம்பரமும், 2009-ல் அந்தப் பொறுப்பில் இருந்த அனில் ககோட்கரும் இதை மறுத்தார்கள். வெடித்த இடத்தில் எடுத்த பாறை மாதிரிகளின் கதிரியக்கப் பகுப்பாய்வும் தங்கள் கணக்கையே உறுதிசெய்கிறது என்றார்கள். ஆனால், அந்தத் தரவு முழுதாக வெளியே வரவில்லை. வந்தால் குண்டின் வடிவமைப்பு ரகசியமும் வெளியே போய்விடும் என்பது அவர்கள் தரப்பு நியாயம்.

இதில் நமக்கு என்ன?

ஹைட்ரஜன் குண்டு வேலை செய்தது என்றால், இந்தியாவுக்கு இன்னொரு சோதனை தேவையில்லை. செய்யவில்லை என்றால், 'மறுபடி வெடித்துப் பார்' என்ற குரல் எழும். அதன் விலை பெரிது. 1998-க்குப் பிறகு இந்தியா தானாகவே சோதனைகளை நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த உறுதியை மீண்டும் சொன்ன பிறகுதான், 2008 செப்டம்பரில் அணு எரிபொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விலக்கு தந்தது. இன்று நம் அணு உலைகளில் பலவற்றுக்கு வெளிநாட்டு யுரேனியம் வருவது அந்த விலக்கால்தான்.

1996-ல் உருவான சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அணு ஆயுத ஒழிப்புக்குக் காலக்கெடு இல்லை, ஏற்கெனவே நிறைய வெடித்தவர்களுக்கே இது சாதகம் என்பது நம் வாதம். அதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்கா 1,000-க்கும் மேற்பட்ட சோதனைகளின் தரவை வைத்துக் கணினியில் கணக்குப் போடுகிறது. 2022 டிசம்பரில் அந்நாட்டின் லிவர்மோர் ஆய்வகம், எரிபொருள் உருண்டைக்குள் லேசர் செலுத்திய ஆற்றலைவிட அதிகமாக இணைவு ஆற்றலை எடுத்துக்காட்டியது. 'தூய்மையான மின்சாரம்' என்று நாம் படித்த அந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கும் ஆய்வகத்தின் முதல் வேலை, ஆயுதங்களை வெடிக்காமலே பராமரிப்பதற்கான அறிவியல். இந்தியா அறிவித்தது 1974-ல் ஒன்று, 1998-ல் ஐந்து என மொத்தம் ஆறு குண்டுகள்.

ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் 337 நிலையங்களும் ஆய்வகங்களும் கொண்டதாகத் திட்டமிடப்பட்ட அதன் கண்காணிப்பு வலையமைப்பில் பெரும்பகுதி இயங்குகிறது. 2017 செப்டம்பரில் வட கொரியா வெடித்தது உடனே தெரிந்துபோனதும் இப்படித்தான்.

அடுத்த முறை எங்கேயாவது 'மர்ம அதிர்வு, அணுச் சோதனையா?' என்று செய்தி வந்தால், ஃபார்வர்டு செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அலையின் வடிவம் குண்டைக் காட்டுகிறதா? கிலோடன் கணக்கு எந்த நிலத்துக்கான சூத்திரத்தில் போடப்பட்டது? காற்றில் கதிரியக்கத் தடயம் கிடைத்ததா? மூன்றுக்கும் பதில் இல்லாத வரை, அந்த எண் ஒரு மதிப்பீடு மட்டும்தான்.