கப்பல் தங்கும் ஒரு பகல்
இந்துமாக்கடலின் பழம்பெருந் துறைமுகங்கள் சில

கடல் கடந்து செல்வது நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால் உல்லாசத்திற்காகக் கடலில் செல்வது புதிது. 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்னும் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சுமார் ஐம்பது ஆண்டுகள் போய் வந்தது. அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் பயணம் செய்தவர்கள் பிழைப்புத் தேடிப் போனவர்கள். அதற்குப்பின் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பெப்ரவரியில் தீ விபத்துக்கு உள்ளாகியது. அத்துடன் அந்தக் கடல்வழிப் பயணமும் ஓய்ந்தது. இன்றோ 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்குச் சுற்றுலாக் கப்பல் புறப்பட்டதைக் கண்டோம். மும்பை, கோவா, கொச்சி, கொழும்பு, பினாங்கு எனப் பல துறைகளைத் தொட்டுச் செல்லும் பெருங்கப்பல்களும் உள்ளன. நம் பங்கிலும் பிள்ளைகளின் உழைப்பால் இத்தகைய பயணம் போகும் பெற்றோர் இனி இருக்கக்கூடும்.

சுற்றுலாக் கப்பல் விடியற்காலையில் துறையை அடையும். பொழுது சாயும்போது நங்கூரம் தூக்கும். இடையில் கிடைப்பது ஒரு பகல் மட்டுமே. அந்த ஒரு பகலில் கோட்டையைப் பார்த்து, படம் எடுத்து, கடைத்தெருவில் ஏதேனும் வாங்கித் திரும்பிவிடலாம். அல்லது, இக்கற்களை அடுக்கியவர் யார், எதை இடித்து அடுக்கினர், பின்பு அவர்கள் கதி என்ன என்று கேட்டும் பார்க்கலாம். இவ்வாறு கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கோவா, கொச்சி, காலி, மலாக்கா ஆகிய நான்கு நகரங்களில் வாசகர்களை அழைத்துக்கொண்டு கரையிறங்குவோம்.

கோவா: பொன்னகரும் காடும்

கப்பல் மர்மகோவாத் துறையில் நிற்கும். பழைய கோவாவுக்கு அங்கிருந்து மோட்டாரில் செல்ல வேண்டும். 1510-இல் அல்புகர்க் பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியிலிருந்து இந்நகரைப் பிடித்தார். பிடித்தபோது நகரத்து முஸ்லிம்கள் திரளாகக் கொல்லப்பட்டனர். பின்னர் 1540-ஐ ஒட்டிக் கோவாத் தீவின் இந்துக் கோவில்கள் இடிக்கப்பட்டன. இவற்றின்மேல் எழுந்ததுதான் கீழ்த்திசையின் உரோமை என்று புகழப்பெற்ற நகரம்.

1605-இல் அர்ச்சிக்கப்பெற்ற போம் இயேசு பேராலயத்தில் நம் புனித சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ளது. 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கி, அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, ஊர் ஊராக நடந்து சொல்லிக்கொடுத்தவர் அவர். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனாவின் வாசலில் சான்சியன் தீவில் இறந்தார். அவருடைய உடல் மலாக்கா வழியாக 1554-இல் கோவா வந்து சேர்ந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பொதுத் தரிசனம் 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை நடந்தேறியது.

பேராலயத்தை விட்டு வெளியே வந்தால் இன்னொரு காட்சி உண்டு. புனித அகுஸ்தினார் சபையாரின் மாபெரும் ஆலயத்தில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 46 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் பாதி. 1835-இல் மடம் கைவிடப்பட்டது. 1842-இல் கூரை சரிந்தது. நகரமும் அப்படியே ஆயிற்று. காலராவும் மலேரியாவும் மக்களை வாரிக்கொண்டன. எஞ்சியவர் வெளியேறினர். 1843-இல் பணஜி முறைப்படி தலைநகராயிற்று. பொன்னகரம் காடாயிற்று.

இங்கே கத்தோலிக்கராகிய நாம் மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 1560 முதல் 1812 வரை, நடுவே சில ஆண்டுகள் நீங்கலாக, கோவாவில் விசாரணை மன்றம் இயங்கியது. புதிதாக மனந்திரும்பியவர்கள் தம் பழைய வழக்கங்களைக் கைக்கொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். அம்மன்றத்தின் மாளிகை இன்று இல்லை. அதன் பதிவேடுகளில் பெரும்பகுதியும் அழிந்துவிட்டது. பேராலயத்தின் முன் முழங்காலிடும் நாம் அந்த வெற்றிடத்தின் முன்பும் சிறிது நேரம் நிற்பது நன்று.

கொச்சி: ஒருவர் கட்ட, ஒருவர் இடிக்க

கொச்சித் துறைமுகம் வெள்ளத்தால் பிறந்தது என்பார்கள். 1341-இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் பழைய முசிறிப் பக்கம் தூர்ந்து, கொச்சி முகத்துவாரம் திறந்தது என்பது வழிவழி வந்த செய்தி. ஆயினும் முகத்துவாரத்தில் மணல்திட்டு தடையாய் இருந்தமையால் பெருங்கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அத்திட்டை வெட்டி வழி செய்தார். 1928 மே 26-இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்ளே நுழைந்தது. வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியதே வில்லிங்டன் தீவு. சுற்றுலாக் கப்பலில் வருவோர் கால் வைப்பது பெரும்பாலும் அந்த மண்ணிலேதான்.

கோட்டைக் கொச்சியில் சீனவலைகளைப் பார்த்துவிட்டுப் புனித பிரான்சிஸ் ஆலயத்திற்கு நடந்தே செல்லலாம். 1503-இல் போர்த்துக்கீசியர் மரத்தால் கட்டிய கோவில் பின்பு கல்லாலும் காரையாலும் எழுந்தது. 1524 டிசம்பர் 24-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமா இங்கே அடக்கம் செய்யப்பட்டார். சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய எலும்புகள் போர்த்துகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. கல்லறைக் குழி மட்டும் இங்கே இருக்கிறது. கடலை வென்றவருக்கும் கரையில் மிஞ்சியது ஆறடிக் குழிதான், அதுவும் வெறுமையாய்.

1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தனர். கத்தோலிக்க ஆலயங்களை இடித்தனர். இந்தப் பிரான்சிஸ் ஆலயத்தைத் தம் சீர்திருத்த சபைக்கு ஆக்கிக்கொண்டனர். சாந்தா குரூஸ் பேராலயத்தை ஆயுதக் கிடங்காக்கினர். 1795-இல் வந்த ஆங்கிலேயர் அதையும் இடித்துத் தள்ளினர். இப்போதுள்ள சாந்தா குரூஸ் ஆலயம் 1905-இல் அர்ச்சிக்கப்பட்டது. பழைய ஆலயத்தின் கருங்கல் தூண் ஒன்று அதன் வளாகத்தில் நிற்கிறது. அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்காமல் வரக் கூடாது.

நம்மவர் மட்டுமே துன்புற்றனர் என்று எண்ணிவிடவும் கூடாது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பெற்ற யூதர் செபக்கூடம் உள்ளது. கொச்சி அரசரின் அரண்மனையை ஒட்டி, அவர் தந்த அடைக்கலத்தில் எழுந்தது அது. யூதர் டச்சுக்காரருக்கு உதவினர் என்று சினந்து, 1662-இல் போர்த்துக்கீசியர் அதற்குச் சேதம் விளைவித்தனர். டச்சுக்காரர் வந்தபின் அது மீண்டும் சீராக்கப்பட்டது. கத்தோலிக்கருக்கு இருள் வந்த அதே ஆண்டுகளில் யூதருக்கு விடிந்தது. இன்று அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இஸ்ரவேலுக்குச் சென்றுவிட்டனர். செபக்கூடம் நிற்கிறது, செபிப்பவர்தாம் அரியர்.

காலி: மூன்று மொழிக் கல்

இலங்கையின் தென்கோடியிலுள்ள காலி, கொழும்பிலிருந்து ஒரு பகலில் போய் வரத்தக்க தொலைவில் இருக்கிறது. 1640-இல் டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து இதைப் பிடித்துப் பெருங்கோட்டை எழுப்பினர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கியபோது, வெளியே பேருந்து நிலையமும் விளையாட்டு மைதானமும் நீரில் மூழ்க, மதிலுக்குள் இருந்த பழைய நகரம் பெரும்பாலும் தப்பியது. கப்பற்படைக்கு அஞ்சிக் கட்டிய மதில் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கடலையே தடுத்தது.

காலியை வீழ்த்தியது பகைவர் அல்லர், கொழும்பு. 1875-இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டி 1885-இல் முடித்தனர். நிலக்கரி ஏற்ற வந்த நீராவிக் கப்பல்கள் யாவும் அங்கே போய்விட்டன. துறைமுகங்களின் விதி அவ்வளவுதான்.

ஆனால் தமிழராகிய நமக்குக் காலியில் கிடைத்த பெரும்பொருள் ஒரு கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த அக்கல்லில் 1409-ஆம் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளது. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கு அளித்த காணிக்கையைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கையைச் சொல்கின்றன. மூன்றிலும் ஏறத்தாழ ஒரே வகையான பொருள்களே எண்ணப்பட்டுள்ளன. சீனப் பேரரசின் கப்பல் இலங்கைக் கரையில் பேச வேண்டுமானால் தமிழும் வேண்டியிருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. 1588-இல் அந்தத் தென்னாவரைக் கோவிலைப் போர்த்துக்கீசியர் அழித்தனர். கல்வெட்டோ 1911-இல் காலி நகரில் ஒரு வடிகாலின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று சமயத்தாரையும் சமமாக வைத்துப் பேசிய கல், வண்டிகள் மிதித்துச் செல்லக் கிடந்தது எத்துணைக் கொடுமை!

இலங்கைக் கரையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியபின் டச்சுக்காரர் அங்கே கத்தோலிக்க மறையைத் தடை செய்தனர், குருக்களை வெளியேற்றினர். பீரங்கியோடு வந்த மறை பீரங்கியோடு போய்விடும் என்றே எவரும் எண்ணியிருப்பர். 1687-இல் கோவாவில் பிறந்த கொங்கணிக் குருவானவர் ஒருவர் தூத்துக்குடியில் கப்பலேறி, கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அவரே புனித யோசேப் வாஸ். அவர் தமிழ் கற்றார். இரவில் வீடு வீடாகச் சென்று திருவருட்சாதனங்களை வழங்கினார். கண்டியில் ஒற்றன் என்று சிறையிடப்பட்டார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் ஓடியபோது, ஓடாமல் நின்று நோயாளிகளைப் பேணினார். 1711 சனவரி 16-இல் கண்டியிலே உயிர்நீத்தார். 2015 சனவரி 14-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். கோட்டைகள் காக்க முடியாததை வெறுங்காலோடு நடந்த ஒருவர் காத்தார் எனில் மிகையாகாது.

மலாக்கா: நான்கு துறைத்தலைவர்

மலாக்காவில் பெருங்கப்பல் கரைக்கு அப்பால் நிற்கும்; படகில்தான் இறங்க வேண்டும். 1400-ஐ ஒட்டிப் பரமேசுவரன் என்னும் இளவரசன் நிறுவிய நகரம் இது. பருவக்காற்று மாறும்வரை வணிகர் இங்கே தங்கினர். அவர்கள் வழக்குகளைத் தீர்க்க நான்கு துறைத்தலைவர்கள் இருந்தனர். குசராத்தியருக்கு ஒருவர்; தமிழர், வங்காளியர், பெகு நாட்டார், பாசை நகரத்தாருக்கு ஒருவர்; சாவகம் முதலிய தீவினருக்கு ஒருவர்; சீனர் முதலியோருக்கு ஒருவர். இத்துறையில் 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தோமே பீரெஸ் என்னும் போர்த்துக்கீசியர் எழுதிவைத்தார்.

1511-இல் அல்புகர்க் இதனையும் பிடித்தார். பள்ளிவாசல்களையும் மன்னர் கல்லறைகளையும் பெயர்த்த கற்களால் கோட்டை எழுந்தது. 1641-இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தனர். 1807-இல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். இன்று நிற்பது ஒரே ஒரு வாயில். அதற்கு மேலே குன்றின்மீது கூரையில்லாத புனித சின்னப்பர் ஆலயம். 1553-இல் சவேரியாரின் உடல் சில மாதங்கள் இருந்த இடம் இங்கே உள்ளது. அதுவும் கொச்சிக் கல்லறைபோல் ஒரு வெற்றுக் குழிதான்.

குன்றை விட்டிறங்கி ஆற்றைக் கடந்தால் கோட்டையினும் பழம்பெரும் செல்வம் கிடைக்கும். பொற்கொல்லர் தெருவும் அதை அடுத்த தெருவுமாக, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோவில், 1748-ஐச் சேர்ந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல், பதினேழாம் நூற்றாண்டுச் சீனக் கோவில் ஆகிய மூன்றும் அருகருகே இருக்கின்றன. தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகள் மலாய் பேசினாலும் சைவத்தை விடவில்லை. போர்த்துக்கீசியர் வழிவந்த கத்தோலிக்கர் கிரிஸ்தாங் என்னும் தம் மொழியோடு இன்றும் வாழ்கின்றனர். 1710-இல் கட்டப்பெற்ற புனித இராயப்பர் ஆலயம் மலேசியாவில் இன்றளவும் வழிபாடு நடக்கும் ஆலயங்களுள் மிகப் பழையது. கோட்டை போயிற்று; அவரவர் மக்கள் இருக்கின்றனர்.

நாம் கற்பது

நான்கு நகரங்களும் சொல்வது ஒன்றே. பிடித்தவர் இடித்தார், அவரைப் பிடித்தவர் அவர் கட்டியதை இடித்தார். எந்தக் கொடியும் நிலைக்கவில்லை. நின்றவர்கள் கொடியின்றி வாழ்ந்த எளிய மக்களே.

ஆகையால் கப்பலில் செல்லும் நம்மவர்க்குச் சில சொல்வோம். கோட்டைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால், மக்கள் வாழும் தெருவுக்கு இரண்டு மணி கொடுங்கள். பிறர் தொழும் இடத்தில் செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி நுழையுங்கள். நம் ஆலயத்தைக் கண்டால், அதன் அடியில் முன்பு எது இருந்தது என்றும் கேளுங்கள். கூட்டமாய் இறங்கி அந்த ஊராருக்கே பாரமாகிவிடாதீர்கள். பெருங்கப்பல்களால் நகரம் நலிகிறது என்று 2021 ஆகஸ்டு முதல் வெனிஸ் நகரின் நடுவே அவை செல்லத் தடை விதித்ததை நினைவிற் கொள்ளுங்கள்.

யூபிலி ஆண்டில் நம் ஆலயக் கட்டடத்தைக் கண்டு மகிழ்கிறோம். மகிழ்வது முறையே. ஆனால் ஆலயத்தின் பொருளறைக்குள் இருக்கும் திருமுழுக்குப் பதிவேடு கட்டடத்தினும் பெரிது. அதில் உள்ள பெயர்களே இந்தப் பங்கு. செல்லரித்துப் போகுமுன் அதைப் படியெடுத்துக் காப்பதும், முதியோர் நினைவில் உள்ளதைக் கேட்டு எழுதிவைப்பதும் இந்த யூபிலிக்கு நாம் செய்யத்தக்க தொண்டு. பழந்துறைமுகங்களில் பிறர் எழுதிவைக்காமல் போனதால் இழந்தவை எத்தனையோ. நம் ஊரில் அவ்விழப்பு நேராதிருக்கட்டும்.